உருவாஞ்சுருக்கு

எப்படிக் கட்டுவீர்கள் என்பதை
நான்காம் பக்கத்தில்தான் கேட்டது படிவம்.
எப்படி அவிழ்ப்பீர்கள் என்பது
முதல் பக்கத்திலேயே இருந்தது.
ஆணி கூடாது. பசை கூடாது.
பட்டையில் கயிறு படும் இடமெல்லாம் ரப்பர் மெத்தை.
நாற்பது துணி, இருபத்தொரு நாள்.
இருபத்திரண்டாம் நாள் காலையில்
புல்லுக்கு எதுவும் நினைவிருக்கக் கூடாது.

நிறம் பார்க்க
அரபு ஸ்திரீட்டில் வாங்கிய துண்டுகளை
தோ பாயோ வீட்டு நடைவழிக் கம்பியில்
ஒரு வாரம் தொங்கவிட்டேன்.
ரோஜாவை இரண்டே நண்பகல் தின்று தீர்த்தது.
பாசிநிறம் மரங்களோடு சேர்ந்துகொண்டு
என்னைத் தெரியாது என்றது.
மிஞ்சியது மஞ்சள்,
பழுத்து, கூடையில் லேசாக அடிபட்ட
மாம்பழத்தின் மஞ்சள்.

பிறகு கத்தரிக்கோல்.
காற்றுக்கு வழிவிடாத துணி பாய்மரத் துணி;
அதைக் கட்டிய மரம் ஒருநாள்
கப்பலாகப் பார்க்கும், வேரோடு.
ஒன்பது மீட்டர் நீளத்துக்கும் பிறை பிறையாக வெட்டினேன்,
கட்டைவிரல் கொப்பளிக்கும்வரை.
வெட்டி விழுந்த பிறைகள் ஒரு பை நிறைய.
இன்னும் இருக்கின்றன
குளியலறைக் கதவுக்குப் பின்னால்.

ஏணிமேல் நின்ற ரீகன், நாகப்பட்டினத்துக்காரர்,
என் முடிச்சைப் பார்த்துச் சிரித்தார்.
"அக்கா, இது படகு கட்டுற முடிச்சு. லேசுல விடாது.
உங்களுக்கு உருவாஞ்சுருக்குதான் சரி.
ஒரே இழுப்பு, கதை முடிஞ்சுது."
நாற்பதையும் அவரே போட்டார்.
தன் பெர்மிட்டும் டிசம்பர் வரைக்கும்தான் என்றார்,
அடுத்த கயிற்றைக் கேட்ட அதே குரலில்.

முதல் நாள் மாலை
மிதிவண்டியில் வந்த சிறுமி காலூன்றி நின்றாள்.
"யாரு வீட்டுத் துணி?"
நிழலைப் பற்றிச் சொன்னேன்,
காற்றைக் கண்ணால் பார்ப்பது பற்றி,
பீஷான் பூங்காவில் ஆறு வளையும் விதம் பற்றி.
பொறுமையாகக் கேட்டுவிட்டு,
"சரி, யாரு வீட்டுது?" என்றாள்.

பன்னிரண்டாம் நாள், விடியுமுன், சுமத்ராக் காற்று.
படுக்கையில் கிடந்து கேட்டேன்,
பக்கத்து வீட்டு மூங்கில் கழிகள்
ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை.
ஆறரைக்குப் பூங்காவில் இருந்தேன்.
எதுவும் நடக்காததுபோல்
கரையில் மீன் தின்றுகொண்டிருந்தன நீர்நாய்கள்.
எண்ணினேன். முப்பத்தொன்பது.
வேறொரு மரத்திலிருந்து தொடங்கித் திரும்ப எண்ணினேன்,
அப்படி எண்ணினால் கூடும் என்பதுபோல.
அந்த ஒரே இழுப்பு காற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

நாணலுக்குள் தேடினேன். பாலத்தடியில் தேடினேன்.
கால்வாய்க் கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளை எல்லாம்
மஞ்சளா என்று பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து
காப்பிப் பையின் கயிற்றை விரலில் மாட்டியபடி
சும்மா அண்ணாந்தபோது,
சாலைக்கு அந்தப்புறம், எட்டாம் மாடி,
ஒரு பள்ளிச் சீருடைக்கும் பாத்திக் சாரோங்குக்கும் நடுவே
கழியில் என் துணி.
சேறு போகத் துவைத்து, நான்காய் மடித்து,
ஐந்து கிளிப் போட்டிருந்தார்கள்.
நான் ஒன்றுகூடப் போடவில்லை.
மடிப்புக்கு மடிப்பு பொருந்தாத பிறைகளில்
பொருந்திய ஒன்றிரண்டின் வழியே
யாருடைய சமையலறை விளக்கோ.

வாசல் மணியை அழுத்தியிருக்கலாம்.
மின்தூக்கிவரை போனேன்.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டாம் நாள்
பட்டியலோடு வந்தார் அதிகாரி திருமதி குவெக்.
பட்டைகளைத் தடவிப் பார்த்தார், குறித்துக்கொண்டார்.
புல்லைக் குனிந்து பார்த்தார், குறித்துக்கொண்டார்.
"நாற்பது கட்டினீர்கள்.
இங்கே முப்பத்தொன்பது இருக்கிறது."

"ஒன்று காய்கிறது" என்றேன்.

பேனா நின்றது.
எங்கே என்று கேட்பார் என நினைத்தேன்.
அவர் மேற்கே திரண்ட மேகத்தைப் பார்த்தார்.
"சீக்கிரம் எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.
மூன்று மணிக்கு மழை."